பனம்பழக் கலர் சேலை

பின்னாலிருந்து யாரோ என் முந்தானையைப் பிடித்தார்கள்.

தங்கை ஜெனியின் கல்யாணம். கோவிலில் பூசை முடிந்து, தாலி கட்டி, எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்த நேரம். பந்தி இன்னும் தொடங்கவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து சாம்பார் வாசனையும், முன்வாசலிலிருந்து பன்னீர் வாசனையும் நடுக்கூடத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தன. நான் சந்தனக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். தோள் இழுபட்டது.

பிடித்திருந்தவர் மாப்பிள்ளையின் அத்தை, லூர்து டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத் தேதியிலிருந்து பாயசத்துக்குச் சேமியாவா ஜவ்வரிசியா என்பது வரை அவர் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

அப்படிப்பட்டவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் முந்தானையின் உள்மூலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது எஞ் சேலையில்லா?" என்றார்.

மூன்றடி தள்ளி அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

டீச்சர் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அந்தச் சேலை என் தோளுக்கு வந்த விதத்தைச் சொல்லாமல் அதற்கு மேல் ஒரு அடி நகர முடியாது. சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஜெனியின் சமையலைப் பற்றி எழுதியதற்கு அவள் போனில் பிடித்த சண்டை இன்னும் காதில் இரைகிறது. அதற்குப் பரிகாரமாகத்தான் இந்த வாரம் அவள் கல்யாணத்தை எழுதுகிறேன். ஆனால் இதில் கதாநாயகி அவள் இல்லை. மறுபடியும் போன் வரும்.

பேச்சியக்காவின் மூட்டை

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். ஞாயிறு காலைகளில் எங்கள் தெருவுக்குப் பேச்சியக்கா வருவாள். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் பழந்துணி மூட்டை. "பழய துணிக்குப் பாத்திரமேய்!" என்று அவள் முனையில் கொடுக்கும் குரல் தெருக்கோடிவரை வந்து வாசல்களைத் திறக்கும்.

பெண்கள் எல்லோரும் கூடையைச் சுற்றி உட்காருவார்கள். நான் மூட்டைப் பக்கம் உட்காருவேன்.

"ஏளா, எல்லாவளும் கூடயப் பாக்காளுவ. நீ என்னத்துக்கு அழுக்கு மூட்டயப் பாக்குதே?" என்று முதல் தடவை கேட்டாள். எனக்குக் கொஞ்சம் மண்டைக்கோளாறு என்று முடிவு கட்டியிருப்பாள். மூன்றாவது வாரத்திலிருந்து மூட்டையை முதலில் என் வாசலில்தான் அவிழ்த்தாள்.

அதிலிருந்து நான் எடுத்தவை கொஞ்சமா? யாரோ ஒரு பெரியவரின் மெல்லிய எட்டு முழ வேட்டி; அவுரிச் சாயத்தில் முக்கியெடுத்துத் துப்பட்டாவாகப் போட்டுக்கொண்டேன். ஒரு சுங்குடிச் சேலை, பாதி கிழிந்தது. மீதிப் பாதியில் ஒரு பாவாடை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு வழவழ நைலக்ஸ் சேலை. கட்டினால் வியர்த்துக் கொட்டும், ஆனால் அதிலிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்துத் தெருவே திரும்பும். வியர்வைக்குப் பயந்தால் அழகாக இருக்க முடியுமா?

பேச்சியக்காவிடம் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது.

"யாரு வீட்டுதுன்னு மட்டும் கேக்காத. சொல்லிட்டேன்னா நாளைக்கு நா எந்த வாசல்ல போயி நிக்க?"

நான் கேட்டதே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் உடுத்திய துணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு நூலை உருவிக்கொள்வார்கள், அல்லது மூலையில் நகத்தளவு நறுக்கி வைத்துக்கொள்வார்கள். துணியோடு வீட்டுச் சீரும் கூடவே போய்விடக் கூடாதாம். எந்தக் கோவிலுக்குப் போகிறவர்களானாலும் இந்த விஷயத்தில் எல்லோரும் ஒரே சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். அதனால் மூட்டைத் துணி ஒவ்வொன்றிலும் மூலையில் ஒரு குறை இருக்கும். ஒவ்வொரு குறையும் ஒவ்வொரு மாதிரி. சிலர் நேராக வெட்டுவார்கள், சிலர் பல்லால் கடித்துக் கிழித்திருப்பார்கள்.

ஒரு நாள் கிழிந்த போர்வைக்கு அடியில் அந்தச் சேலை கிடந்தது. பட்டு. நன்றாகப் பழுத்த பனம்பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். கத்தரிப்பூக் கரை. முந்தானை மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இல்லை. கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டிய முக்கோணம். இவ்வளவு ஒழுங்காக ஒரு மனுஷி துணியை வெட்டுவாளா என்று அன்றைக்கே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அது சரிகைக்கு எரிக்கப் போற சேலைளா" என்றாள் பேச்சியக்கா.

சரிகையிலுள்ள வெள்ளிக்காக எரிப்பதா! எங்கள் வீட்டுப் போர்வைகள் மூன்றையும், வாசல் திரைச்சீலையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஜெனி ஏசினாள்.

"ஆத்துல ஒரு முக்கு முக்கிப் பைய நெழல்ல காயப்போடு. ஒஞ் சேலை ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பேச்சியக்கா. அப்படியே செய்தேன். தாமிரபரணியில் நனைந்து எழுந்தபோது அந்த நிறம் என் கறுத்த கைமேல் வழிந்த அழகைப் பார்த்து, படித்துறை என்றும் பாராமல் ஒரு கூச்சல் போட்டேன்.

கப்பல் பெட்டி

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து தொற்றியது என்று கேட்டால் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா கப்பலில் வேலை பார்த்தார். எங்கள் சொந்த ஊர் உவரி. வருடத்துக்கு ஒரு தடவை அவர் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினால், மறுநாளே அந்தப் பெட்டிச் சட்டைகளும் கவுன்களும் எங்கள் மேல் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அம்மா எங்களை நடுவழியாக நடத்திக் கூட்டிப்போவாள். "எல்லாம் பாரின். அவுக அங்கன பெரிய கடைல எடுத்தது" என்று யாரும் கேட்காமலே சொல்வாள்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் கருநீலச் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தேன். திடமான பருத்தி, சிப்பிப் பித்தான். காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு பேர் தைத்திருந்தது. எந்த மொழி என்று தெரியவில்லை. அப்பாவின் பேர் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

அப்பாவிடம் காட்டினேன். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தொறமொகத்துச் சந்தைல வாங்குறதுட்டி. யாரோ போட்டதுதான். நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லு. அம்மைட்ட மூச்சு விட்டுராத."

மூச்சு விடவில்லை. வெளிநாட்டுச் சந்தைகளில் பழந்துணிக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எங்கள் மூன்று பேரின் அளவையும் மனசில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் அப்பாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எவ்வளவு நல்ல கண் அந்த மனுஷனுக்கு! ஒன்றுகூடத் தப்பானதில்லை.

நாங்கள் பாளையங்கோட்டைக்குக் குடிவந்த வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். கருநீலச் சட்டை என்னிடம் தங்கியது.

"புதுசுன்னு சொல்லணும்"

ஜெனியின் கல்யாணத்துக்கு அம்மா எனக்கு ஒரு ரோஸ் நிறப் பட்டு எடுத்து வைத்திருந்தாள். அதற்கு ரோஸ் ரவிக்கை, ரோஸ் வளையல், ரோஸ் செருப்பு. எங்கள் ஊரில் மேட்சிங் என்பது ஒரு காய்ச்சல். துணுக்கை எடுத்துக்கொண்டு மேட்சிங் சென்டர் வாசலில் வெயிலில் நின்று, ஒரு நூல் கூடுதலா குறைச்சலா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேர் நேராக எங்கள் கண்ணாடிக் கடைக்குத்தான் வருவார்கள். தலையிலிருந்து கால்வரை ஒரே நிறத்தில் இருந்தால் ஆள் எங்கே தெரிவாள்? ரோஸ்தான் தெரியும்.

என் மனசில் வேறு திட்டம் இருந்தது. பனம்பழ நிறத்துக்கு மேல் கருநீலம். அப்பாவின் சட்டையை இடுப்பளவில் வெட்டி, கையை முழங்கைக்கு ஏற்றி மடித்துத் தைத்து, காலரை அப்படியே விட்டு ரவிக்கை ஆக்கினேன். வெட்டியதில் மிஞ்சிய துணியில் ஒரு முக்கோணத் துண்டை எடுத்து, சேலையின் குறைபட்ட மூலையில் ஒட்டுப் போட்டேன். காதில் ஒன்றும் வேண்டாம். கழுத்தில் ஒன்றும் வேண்டாம். கொண்டை, அதில் தாழம்பூ மடல் ஒன்று.

போட்டுக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றேன்.

"மூட்டத் துணியவா உடுத்திட்டு வரப்போற?" என்றாள் அம்மா. "எவ வீட்டுக் கழிசலோ! லூர்து டீச்சர் கண்ணு ஊசிக் கண்ணுட்டி. தகப்பன் இல்லாத வீடு, மூத்தவளுக்கு ஒரு புதுத்துணிக்கு வக்கில்லன்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா ஜெனி காலம்பூரா அத அங்கன கேக்கணும்."

அதுதான் விஷயம். அம்மாவின் பயம் சேலையைப் பற்றியதே அல்ல. அப்பா போன பிறகு, எங்களைப் பார்த்து யாரும் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தாள்.

எனக்கும் கோபம் வந்தது. கப்பல் பெட்டி ரகசியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ நடுவழியாக நடத்திக் கூட்டிப்போனாயே, அதெல்லாம் என்ன துணி என்று கேட்டிருந்தால் அன்றோடு வாயடைத்திருப்பாள். விழுங்கிவிட்டேன். அப்பாவைக் காட்டிக் கொடுத்து ஜெயிக்க எனக்கு மனசில்லை.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் ஜெனி நடுவில் புகுந்தாள். "அக்கா எதையும் உடுத்திட்டு வரட்டும்மா. நீங்க சண்ட போட்டா எனக்குத்தான் சோறு கெடைக்கல."

அம்மா இறங்கி வந்தாள். "உடுத்து. ஆனா எவ கேட்டாலும் புதுசுன்னு சொல்லணும். அப்பா மேல சத்தியமா."

சத்தியம் செய்தேன். ஒன்று கவனித்தேன். சேலையைப் பற்றி அவ்வளவு ஏசிய அம்மா, சட்டையை வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா சட்டை என்பதால் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூலையைப் பிடித்த கை

இனி மண்டபத்துக்குப் போகலாம். டீச்சருக்குக் கை வலித்திருக்கும்.

"இது எஞ் சேலையில்லா?"

அவர் விரல் அந்த ஒட்டுத் துண்டின் மேல் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக வெட்டியது யார் என்பதும் அந்த நிமிடம் விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நாலைந்து பெண்கள் நெருங்கி வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். புதுசு என்று சொல்லு, சொல்லு என்று அவள் கண் கெஞ்சியது.

சொல்லியிருக்கலாம். இதே மாதிரி கடையில் எடுத்தது டீச்சர் என்று ஒரு வரி. ஆனால் மூலை அவர் கையில் இருக்கிறது. அதைவிட, அப்பா மேல் செய்த சத்தியத்துக்காக அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு எப்படிப் பொய் சொல்ல?

"ஒங்களதாத்தான் இருக்கும் டீச்சர்" என்றேன். "பாத்திரக்கார அக்காட்ட வாங்குனேன். எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மணப்பெண் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். பிரம்பை எடுக்கப்போகிறார் என்றே நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார்.

"நா மொத மொத வேலைக்குப் போயி எடுத்த சேலை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உடுத்தினேன். எம் மாமியா எல்லாருக்கும் முன்னால, 'காக்காக்குப் பட்டு கெட்டுன மாதிரி இருக்கு'ன்னாவ. எல்லாரும் சிரிச்சாவ. அவுகளும் சிரிச்சாவ." அவுக என்றது கணவரை. "அதோட மடிச்சு வச்சவதான். அம்புட்டு வருசமும் பொட்டிலயே கெடந்து, போன வருசம் ஒரு இட்டிலிக் கொப்பரைக்குப் போட்டேன்."

அவர் உடுத்தியிருந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அன்றைக்கு என்றே எடுத்த காஞ்சிப்பட்டு. மங்கிய சந்தன நிறம். அதே நிறத்தில் ரவிக்கை. இத்தனை வருடமும் சந்தனமும் சாம்பலும்தான் உடுத்தியிருப்பார். என்னைப் போலவே கறுப்பு அவர். சொல்லப்போனால் என்னைவிட ஒரு பிடி கூடுதல்.

"ஒன்ன கோயில் வாசல்ல பாக்கும்போது சேலைய எனக்கு அடையாளம் தெரியல கேட்டியா. இந்தக் கறுத்த பிள்ளைக்கு இம்புட்டு எடுப்பா இது என்ன கலருன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். பெறவுதான் மூலையப் பாத்தேன்."

அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அழுதால் மை கலையும் என்பதால் வேறு ஒன்று செய்தேன்.

"டீச்சர், எந்திரிங்க. உடுத்துங்க."

"நானா? இந்த வயசுலயா?"

"இப்பமே."

மாற்றிக்கொண்டோம். அவர் சந்தன ரவிக்கை இந்தச் சேலையோடு ஒட்டவில்லை. சட்டையையும் கழற்றிக் கொடுத்தேன். தொளதொளப்பாகத் தைத்தது நல்லதாகப் போயிற்று. பித்தான் போடும்போது காலரின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு பேரு?" என்றார்.

"தெரியல டீச்சர். ஏதோ ஊருல ஏதோ ஒரு மனுசன். அவருக்குப் பெறவு எங்கப்பா. எங்கப்பாக்குப் பெறவு நான்."

"அப்ப நா நாலாவது" என்றார். முதன்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். முன்கொசுவத்தை ஒதுக்கி, முந்தானையைக் குட்டையாக விட்டு, தாழம்பூ மடலை அவர் கொண்டைக்கு மாற்றினேன். தங்கச் சங்கிலி இரண்டையும் கழற்றச் சொன்னேன். தலைமையாசிரியை மறு பேச்சில்லாமல் கழற்றினார்.

கதவைத் திறந்தோம்.

நாற்காலிகள் ஒவ்வொரு வரிசையாகத் திரும்பின. டீச்சரின் அண்ணனான மாப்பிள்ளையின் அப்பா, "ஏ, நம்ம லூர்தா இது!" என்று எழுந்தே நின்றுவிட்டார். டீச்சர் காலர் வைத்த கழுத்தை நிமிர்த்தி நடுவழியாக நடந்தார். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு வராந்தாவில் நடப்பாரே, அந்த நடை. நேராக மேடை ஏறி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, என்னத் தனியா ஒரு போட்டோ எடும்" என்றார் போட்டோக்காரரிடம். "கறுப்பா விழுந்தா விழட்டும். வெளுப்பாக்கிராதீரும்."

மண்டபம் கை தட்டியது. எந்தக் கடையில் எடுத்தது என்று பெண்கள் மொய்த்தார்கள். டீச்சர் மேடையிலிருந்தே என்னைக் கை காட்டினார். "பிலோமினாட்ட கேளுங்க. எனக்கு உடுத்திவிட்டது அவதான். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணு இருக்கு."

அந்தக் கல்யாணத்தில் அதிகம் போட்டோ எடுக்கப்பட்டது யார் என்று ஜெனியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

புதுப்பட்டில் நான்

பந்தி முடிந்து மண்டபம் கொஞ்சம் ஓய்ந்தபோது நானும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். என் மேல் சந்தன நிறக் காஞ்சிப்பட்டு. அன்றைக்குத்தான் மடிப்புக் கலைந்த புதுச்சேலை, அச்சு அசலாக மேட்சிங் ரவிக்கை. அம்மா ஆசைப்பட்டது எப்படியோ நடந்துவிட்டது. அவள் என் முந்தானையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

மேடையருகே டீச்சர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"காலருக்குள்ள அந்தப் பேரு இன்னும் இருக்கா?"

எனக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"பொட்டி வந்து எறங்குன மறுநா, நீங்க எந்திரிக்கதுக்கு முன்னால எல்லாத்துலயும் இருக்க பேரப் பிளேடு வச்சுப் பிரிச்சது யாருன்னு நெனச்சே? அந்த ஒண்ணுல மட்டும் நூலு கெட்டி. துணி கிழிஞ்சிரும்னு விட்டுட்டேன்."

"பெறவு ஏன் அப்பாட்ட ஒண்ணும் சொல்லல?"

"புதுசுன்னு சொல்லி எவ்வளவு சந்தோசமாத் தந்தாவ. நல்லா வேற இருந்துச்சு." அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "புதுசுன்னே உடுத்திக்கிட்டேன்."

பிறகு மேடையைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"அந்தப் பேச்சி எத்தன மணிக்கு நம்ம தெருவுக்கு வருதா?"

"ஞாயித்துக்கெழம காலைல. எட்டு மணிக்கு."

"மூட்டைய அவுக்கும்போது என்னயும் கூப்பிடு" என்றாள் அம்மா.